சின்னதுக்கு மரை போயிருச்சு

போன சனிக்கிழமை காலை, சமையலறை மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து ஒரு டார்ச்சைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன். ஒரே ஒரு பென்சில் பேட்டரி. பொத்தான் எல்லாம் கிடையாது. தலையைத் திருகினால் எரியும், எதிர்ப்பக்கம் திருகினால் அணையும். அந்தத் தலைதான் இப்போது ஆடுகிறது. எவ்வளவு இறுக்கினாலும் நிற்பதில்லை. கையில் வைத்துக்கொண்டு நடந்தால் தானே அணைகிறது, தானே எரிகிறது.

என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, போனிலேயே விளக்கு இருக்கிறதே என்றார். கணவர்கள் சொல்வதுதான். இதை விட்டுவிட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை நாங்கள் ராத்தா என்று கூப்பிடுவோம்.

அவர் குடும்பத்தில் அக்காவுக்கு அதுதான் சொல். ஆனால் எங்கள் சிங்கப்பூர் அலுவலகத்தில் சீனர், மலாய்க்காரர், பிலிப்பினோ எல்லாருக்கும் அவர் ராத்தாதான். பாதிப் பேர் அடையாள அட்டையிலும் அதுதான் பெயர் என்று நம்பியிருந்தார்கள். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து இருக்கும். கறுப்புத் தலைத்துணி, ஆண்கள் போடும் கைக்கடிகாரம், வீட்டுக்கு வீடு காலணியைக் கழற்றி மாட்டவேண்டிய வேலை என்பதால் எப்போதும் ஓட்டையில்லாத காலுறை. காலுறையில் ஓட்டையோடு ஒரு வீட்டுக்குள் போனால் அந்த வீட்டுக்காரர் நம்மை மதிக்கமாட்டார் என்பது அவர் கட்சி.

எங்கள் வேலை கொசு தேடுவது. இரண்டிரண்டு பேராக வீடு வீடாகப் போய்ப் பூந்தொட்டித் தட்டு, பாத்திரம் கவிழ்க்கும் தட்டு, துணி காயப்போடும் கழியைச் செருகுகிற குழாய், குளியலறை வடிகால் எல்லாவற்றிலும் விளக்கடித்துப் பார்க்கவேண்டும். தேங்கின நீரில் புழு நெளிந்தால் எடுத்துச் சின்னக் குப்பியில் போட்டுச் சீட்டு எழுதவேண்டும். கதவைத் திறக்கிறவர்களின் முகத்தில் எங்களைக் கண்டதும் வருகிற மலர்ச்சியைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

அந்த வேலைக்கு நாங்கள் தூக்கிக்கொண்டு போகிற சாமான்கள் ஒரு மூட்டை. அதில் தகராறு செய்கிற ஒவ்வொரு சாமானுக்கும் ராத்தா ஓர் உறவுமுறை கொடுத்து வைத்திருந்தார். ஒழுங்காக வேலை செய்கிற பொருளுக்குப் பெயர் கிடையாது, அது வெறும் பொருள். படுத்தினால்தான் சொந்தக்காரர் ஆகும். அவருடைய குடை, விரிக்க வேண்டிய நேரத்தில் விரியாது, எம்.ஆர்.டி. ரயிலுக்குள் கூட்டத்தில் தானாக விரிந்துகொள்ளும். அது மச்சான். தோள்பை, எங்கே வைத்தாலும் சரிந்து விழுந்து எல்லாரையும் தன் பக்கம் திரும்பிப் பார்க்கவைக்கும். அது சம்பந்தி. இரண்டு படி உள்ள மடக்கு ஏணி, ஏறும்போதெல்லாம் முட்டியில் சத்தம் போடும். அது மாமி.

எங்கள் சூப்பர்வைசர் சீனர், நல்ல மனிதர். ஒருநாள் ராத்தா அவரிடம் போய் ஆங்கிலத்தில், மாமியின் முட்டி உடைந்துவிட்டது, இனிமேல் மாமிமேல் ஏறி நிற்கமுடியாது, தூக்கிப் போட்டுவிட்டு ஸ்டோரிலிருந்து புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அவர் பேனாவை வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். ராத்தாவுக்குத் தான் சொன்னதில் என்ன கோளாறு என்று கடைசிவரை புரியவில்லை. புது ஏணி வந்தது. அது சத்தம் போடவில்லை, ஆகையால் அதற்குப் பெயரும் இல்லை.

மனிதர்களைப் பற்றி மட்டும் அவர் பேசமாட்டார். ஒருவருடைய வீட்டுக்குள் போய்க் குளியலறை வரைக்கும் பார்க்கிற வேலையில் கண்ணில் படாதது எது? எனக்கானால் லிஃப்ட் கதவு மூடுவதற்குள் வாய் அரிக்கும். எங்கள் வட்டாரமான ஈசூனில் ஒரு வீட்டில் காலை பதினொரு மணிக்கு ஒருவர் சட்டையை உள்ளே விட்டு, இடுப்புவார் கட்டி, அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். வீட்டில் வேறு யாருமில்லை. மேசைமேல் காலிக் காப்பிக் கோப்பைகள் மட்டும் மூன்று. மறு வாரம் மீண்டும் போனோம், அதே அட்டை, அதே இடுப்புவார். வேலை போனதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை என்று எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. ராத்தா மணி பிளாண்ட் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, செடி நல்லா இருக்கு, தண்ணிய மட்டும் ரெண்டு நாளைக்கு ஒருதரம் மாத்திருங்க தம்பி என்றார். லிஃப்டில் நான் ஆரம்பித்தேன். அவர் குடையைக் காட்டி, இந்த மச்சானுக்கு இன்னைக்கு என்ன கோபம் பார்த்தியா என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. கல்நெஞ்சு என்றுகூட அன்றைக்கு நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

இனி என் கதை கொஞ்சம் சொல்லவேண்டும். அந்த வேலைக்கு வருவதற்கு முந்தைய வருடம் எனக்கு உடம்பு சரியில்லை. உடம்பு என்று சொல்வது வழக்கம், மனம்தான். ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவள் ஒருநாள் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஆறு மாதம். மருத்துவமனை, மாத்திரை, மறுபடி மருத்துவமனை. கொஞ்சம் தேறி முதன்முதலாக ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா பக்கத்திலிருந்தவரிடம், "நல்ல புள்ளதான். பாவம், மரை கழண்டுருச்சு," என்றார். பாயசம் வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சிங்கப்பூரில் பிறந்து சிங்கப்பூரில் படித்தவள். மரை கழண்டவன், மரை கழண்ட கேஸ் என்றெல்லாம் கேட்டு வளர்ந்திருக்கிறேனே தவிர, மரை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. மண்டைக்குள் இருக்கிற ஏதோ ஒரு நரம்பு என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

புது வேலையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. குழுவில் கடைசியாகச் சேர்ந்தவள் நான், உயரத்திலும் கடைசி. ராத்தாவோடு ஜோடி சேர்த்துவிட்டார்கள். இரண்டு மாதம் நன்றாகவே போனது. எனக்கு அலுவலகம் கொடுத்த முழங்கை நீள டார்ச். ராத்தா அதைச் சீண்டமாட்டார். அவருக்கு அவருடைய சொந்தக் குட்டி டார்ச்தான், ஏணிமேல் நின்றால் பல்லில் கடித்துக்கொள்ளலாம் என்பார். அது ஒழுங்காக எரிந்துகொண்டிருந்ததால் என் காதுபட அதற்குப் பெயர் எதுவும் இருக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை, ஈசூனில் ஒரு வீட்டின் குளிர்பதனப் பெட்டிமேல் ஒரு மாத்திரை டப்பாவைப் பார்த்தேன். அதே மாத்திரை, நான் சாப்பிடுகிற அதே அளவு. கையில் குப்பியோடு அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ராத்தா என் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டி, என்ன புள்ள என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

அன்று மத்தியானம் அந்த அடுக்குமாடி பிளாக்கின் கீழ்த்தளத்தில் கழிவறையிலிருந்து வெளியே வந்தேன். தூணுக்கு அந்தப் பக்கம் ராத்தா போனில் பேசிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் அவர் தம்பி. ஃபேரர் பார்க் பக்கம் ஆணி, குழாய் விற்கிற கடை வைத்திருப்பவர். ராத்தா பேசியது ஒரு சொல் விடாமல் இன்னும் நினைவிருக்கிறது.

"சின்னதுக்கு மரை போயிருச்சுடா. வெளிய பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஒரு நேரம் நல்லாத்தான் இருக்கு, ஒரு நேரம் சொல்லாம கொள்ளாம அணைஞ்சுருது. இன்னைக்குக்கூட வேலை நடுவுல அப்படியே நின்னுருச்சு. தலையில ஒரு தட்டு தட்டினேன், வந்துருச்சு. எல்லாரும் மாத்திருன்னுதான் சொல்றாங்க. எனக்குத்தான் மனசு வரல."

அணைஞ்சுருது என்ற இடத்திலாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அந்த ஆறு மாதம் எனக்குள் நடந்ததை எந்த மருத்துவரும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. ஆக, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மாற்றிவிடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். இவர் பாவம் பார்த்து வைத்துக்கொண்டிருக்கிறார். தூணுக்கு இந்தப் பக்கம் நின்றபடி இத்தனையையும் ஒரே மூச்சில் முடிவு செய்துவிட்டேன். யாருடைய இரக்கத்திலும் நிற்க எனக்கு அப்போது தெம்பு இல்லை.

செவ்வாயும் புதனும் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன். ராத்தா இரண்டொரு முறை பேச்சுக்கொடுத்துப் பார்த்துவிட்டுக் குடையிடம், "மச்சான், நம்மகிட்ட இன்னைக்கு யாரும் பேசமாட்டாங்க போல," என்றார். புதன் சாயங்காலம் நான் சூப்பர்வைசரிடம் போய் என்னை வேறு குழுவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். காரணம் கேட்டார். தூரம் என்றேன். என் வீடு ஈசூனிலேயே இருந்தது அவருக்கு நினைவிருந்திருக்கும், ஆனாலும் விட்டுவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து செங்காங் வட்டாரம் என்றார். அப்படியே வேலையை விட்டுவிடுவது என்றுதான் மனசுக்குள் இருந்தது. செங்காங் வெறும் வழி. வேலையை விட்டால் மறுபடி அந்தப் படுக்கைதான் என்பதும் எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை ஆள் பற்றவில்லை என்று எங்களை ஃபேரர் பார்க்குக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு வீடு. வாசலில் பெரிய வெண்கல உருளி, அதில் தண்ணீர், அதன்மேல் ரோஜா இதழும் சாமந்தியும். வீட்டுக்கார அம்மா, இது மங்களத்துக்கு வைத்தது, இதிலெல்லாம் ஒன்றும் வராது என்றார். ராத்தா உருளியைத் தொடாமல் குனிந்து குட்டி டார்ச்சைத் திருகினார். எரிந்தது, அணைந்தது. உள்ளங்கையில் தட்டினார். எரிந்தது, அணைந்தது. கடைசியில் என் பெரிய டார்ச்சை வாங்கி அடித்தார். இதழ்களுக்கு அடியில் ஒரு ஊர்வலமே நெளிந்துகொண்டிருந்தது. அந்த அம்மாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. "பூ உங்களுக்கு, தண்ணி அதுங்களுக்குன்னு ஆயிருச்சு. தினம் மாத்திருங்கம்மா, மங்களம் ஒண்ணும் குறையாது," என்று ராத்தா சொன்ன பிறகுதான் அவர் கொஞ்சம் சிரித்தார். இத்தனைக்கும் நடுவில், கண் எதிரில் அணைந்து அணைந்து எரிந்த அந்த டார்ச்சைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பவளுக்கு எதிரில் இருப்பது எப்படித் தெரியும்?

சாப்பாட்டுக்குத் தேக்கா சந்தைக்கு வந்தோம். ராத்தா ரொட்டிப் பிராட்டா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு டார்ச்சின் தலையைக் கழற்றினார். பையிலிருந்து ஒரு வெள்ளை டேப் சுருளை எடுத்தார், குழாய்க்காரர்கள் தண்ணீர் கசியாமல் இருக்கச் சுற்றுவார்களே, அது. தம்பி கடையிலிருந்து வந்திருந்தது. பல்குச்சியால் திருகு வரிகளில் இருந்த கறுப்பு அழுக்கை நோண்ட ஆரம்பித்தார். என்னைப் பார்க்காமல் அவர் வேறு எதிலோ மும்முரமாக இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

"திங்கக்கிழமைலேர்ந்து நான் செங்காங் டீம்," என்றேன்.

"ஏன் புள்ள?"

"உங்களுக்குத் தெரியாதா? எனக்கு மரை கழண்டது உண்மைதான். ஆறு மாசம் ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சேன். இன்னும் மாத்திரை சாப்பிடறேன். உங்க தம்பிகிட்டகூடச் சொல்லியாச்சு. நானே போயிடறேன், நீங்க பாவம் பார்த்து என்னை வச்சுக்க வேணாம்."

ராத்தாவின் இடது கையில் டார்ச்சின் உடம்பு, வலது கையில் அதன் தலை. என் முகத்தைப் பார்த்தார். இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு ரொம்ப மெதுவாக, அவருக்கு அப்படிப் பேச வரும் என்றே எனக்குத் தெரியாது, சொன்னார்.

"நான் டார்ச்ச சொன்னேன் புள்ள."

எனக்குப் புரியவில்லை. அவர் டார்ச்சின் உடம்பை என் பக்கம் நகர்த்தினார். "போன வாரத்துலேர்ந்து படுத்துது. பெரியது உன் பையில இருக்கு, அதான் இது சின்னது. இந்தா, வரி வரியா இருக்கு பாரு, இதான் மரை. இது தேஞ்சா தலை நிக்காது."

கட்டைவிரல் நகத்தால் அந்த வரிகளைத் தடவிப் பார்த்தேன். பெரியப்பா சொன்ன மரை, மூன்று மாதம் என்னைத் தூங்கவிடாத மரை, மண்டைக்குள் எங்கே இருக்கிறது என்று நான் தேடிக்கொண்டிருந்த மரை, ஒரு டார்ச்சின் கழுத்தில் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் அழுகை வந்துவிட்டது. பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கட்டுமானத் தொழிலாளிகள் இரண்டு பேர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ராத்தா எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. டிஷ்யூ பொட்டலத்தைத் தள்ளினார். பல்குச்சியை மறுபடி எடுத்துக்கொண்டு, "எங்க வாப்பா மரைக்காயர். பேர்லயே மரை லா. ஸ்கூல்ல தமிழ்ப் பிள்ளைங்க என்னை எவ்வளவு கேலி பண்ணிருக்கும், யோசிச்சுப் பாரு," என்றார். அதற்கு நான் சிரித்த சிரிப்பில் மூக்கு வழியாகத் தேத்தண்ணீர் வந்தது.

பிறகு டேப்பைச் சுற்றினார். முதல் தடவை ஆசையாக நாலு சுற்று. தலை கெட்டியாக உட்கார்ந்தது, ஆனால் விளக்கு எரியவில்லை. குழாயின் விளிம்பு தலைக்குள் போய்த் தொட்டால்தான் மின்சாரம் ஓடுமாம், டேப் அந்த விளிம்பையும் மூடிவிட்டது. உரித்துப் போட்டார். இரண்டாம் தடவை எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டார். திருகத் திருக டேப் சுருண்டு வெளியே வந்தது. மூன்றாவது தடவை, திருகுகிற அதே பக்கமாக, வரிகளின்மேல் மட்டும், விளிம்பைத் திறந்து விட்டு, ஒன்றரைச் சுற்று. திருகினார். எரிந்தது. மேசையில் தட்டினார். எரிந்துகொண்டே இருந்தது. இதில் வாழ்க்கைப் பாடம் ஏதும் இருக்கிறதா என்று தேடாதீர்கள். ராத்தா தேடவில்லை, ஆறிப்போன பிராட்டாவை எடுத்துச் சாப்பிட்டார்.

எழுந்திருக்கும்போதுதான் செங்காங் பேச்சை எடுத்தார். "போகணும்னா போ. இதுக்காகப் போகாத."

போகவில்லை. மறுநாள் காலை சூப்பர்வைசரிடம், தூரம் குறைந்துவிட்டது என்று சொன்னேன். அதையும் அவர் விட்டுவிட்டார். ராத்தாவோடு மேலும் மூன்று வருடம் படியேறி இறங்கினேன். அந்த மூன்று வருடத்தில் என் மருத்துவமனையைப் பற்றி, மாத்திரையைப் பற்றி அவர் ஒரு சொல் கேட்கவில்லை. வேறு யார் வாயிலிருந்தும் எனக்கு அது திரும்பி வரவுமில்லை. ஈசூனில் இடுப்புவார் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தவருக்குக் கிடைத்த அதே மரியாதை எனக்கும் கிடைத்தது.

ஒன்று மட்டும் மாறியது, அதை நான் கவனிக்கச் சில வாரம் ஆயிற்று. மச்சான் மச்சானாகவே இருந்தார், சம்பந்தியும் சரிந்து சரிந்து விழுந்துகொண்டிருந்தார். அந்த டார்ச்சும் மாதம் ஒரு தடவை டேப் கேட்டுப் படுத்தத்தான் செய்தது. ஆனால் ராத்தா அதை டார்ச் என்றே சொன்னார். டார்ச் எரியல புள்ள, டார்ச்ச பிடி. தகராறு செய்கிற சாமான்களில் அது ஒன்றுக்குத்தான் பெயரில்லை. சின்னது என்ற சொல்லை அதற்குப் பிறகு அவர் வாயில் நான் கேட்கவே இல்லை.

நாலாவது வருடம் அவருடைய சொந்த முட்டியே சத்தம்போட ஆரம்பித்தது. வேலையை விட்டுவிட்டு மகளோடு பினாங்குக்குப் போய்விட்டார். விருந்து, கேக் எதுவும் வேண்டாம் என்றிருந்தார். நான் மூன்று நாள் விடுப்பில் இருந்தபோது கிளம்பியும் விட்டார், வழியனுப்புவது அவருக்கு ஒத்துவராத சமாசாரம். திரும்பி வந்தபோது சூப்பர்வைசர் அந்த டார்ச்சை என் கையில் கொடுத்து, ராத்தா கொடுக்கச் சொன்னார் என்றார். கடிதம் இல்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

ஒரு மாதம் கழித்துப் பேட்டரி மாற்றத் திறந்தேன். பேட்டரி உள்ளே ஆடாமல் இருக்க அதைச் சுற்றி ஒரு துண்டுத்தாள் சுருட்டியிருந்தது. நாங்கள் புழுக் குப்பிமேல் ஒட்டுகிற சீட்டு. பிளாக், வீட்டு எண் எழுதவேண்டிய கோடுகள் காலியாக இருந்தன. அவற்றின் குறுக்கே, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவதுபோலக் குண்டு குண்டாக ஒரே ஒரு சொல்: சின்னதுக்கு.

டார்ச்சுக்கு வைத்த தாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பேட்டரி ஆடாமல் இருக்க, சின்னதுக்கு. அப்புறம்தான் உறைத்தது. டார்ச்சை அவர் அப்படிச் சொல்வதை நிறுத்தி மூன்று வருடம் ஆகியிருந்தது. பெயரை அதனிடமிருந்து எடுத்து எங்கே வைத்திருந்தார் என்று எனக்கு அதுவரை தெரியவில்லை. ஸ்டோர் ரூமில், சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்து, யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே அழுதேன்.

போன சனிக்கிழமை பல்குச்சியால் அழுக்கை நோண்டி எடுத்தேன். டேப்பை ஒன்றரைச் சுற்று, திருகுகிற பக்கமாக, விளிம்பை விட்டுச் சுற்றினேன். தாளில் மை மங்கிவிட்டது, மடிப்பில் கிழிய ஆரம்பித்திருக்கிறது. அதைப் பேட்டரியோடு சேர்த்துப் பழையபடி உள்ளே விட்டுத் தலையைத் திருகினேன். எரிந்தது. என் கணவர் மறுபடியும் எட்டிப் பார்த்து, அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டார். மரை தேய்ந்திருந்தது, சரி செய்துவிட்டேன் என்றேன்.